சியோம்புவா அணிந்த பித்தளைக் காறை

நைரோபியில், முகுருவின் பட்டறைத் தெருவுக்கு மதியச் சாப்பாடு கொண்டுவரும் சியோம்புவாவின் முகத்தை அங்கே யாரும் சரியாகப் பார்த்ததில்லை. அவள் தலையில் கட்டியிருந்த துணியைத்தான் எல்லோருக்கும் தெரியும். வாளியை இறக்கி வைப்பாள். குனிந்தபடியே அள்ளிப் போடுவாள், குனிந்தபடியே காலித் தட்டுகளை வாங்கி அடுக்குவாள், பாதையில் எவர் காலிலும் இடிக்காமல் திரும்பிப் போய்விடுவாள். செருப்பைப் பார்த்தே இன்னார் என்று தெரிந்து பேசுவாள்.

ஊர் அதற்கு ஒரு காரணம் வைத்திருந்தது. பெற்ற பிள்ளை திருட்டுப் பட்டத்தோடு அடிபட்டுச் செத்தான், தாய் எப்படி நிமிர்ந்து நடப்பாள் என்பார்கள். அந்தக் காரணம் தப்பு. ஆனால் அவள் யாரையும் திருத்தப் போகவில்லை.

அவள் பிறந்தது மக்குவேனி பக்கம். வருஷக்கணக்காகப் பொய்த்த மழை கொட்டித் தீர்த்த நாளில் பிறந்ததால் மழையின் பெயரையே வைத்தார்கள். கிலோன்சோ என்பவனைக் கட்டிக்கொண்டு நைரோபிக்கு வந்தாள். அவன் கிடங்குகளில் மூட்டை தூக்கினான். மகன் கியாலோ பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோதே மார்ச்சளி முற்றி கிலோன்சோ போய்ச் சேர்ந்தான். சியோம்புவா வீடு வீடாகத் துணி துவைத்தாள், சமைத்து விற்றாள், மகனை ஆளாக்கினாள்.

கியாலோ நெட்டையாக வளர்ந்தான். குழாய் வேலை செய்யும் ஒரு மேஸ்திரியிடம் சேர்ந்து தொழில் பழகினான். வாய் ஓயாதவன். வீட்டுக்கு வந்தால் நின்றுகொண்டேதான் சாப்பிடுவான். "உட்காருடா" என்றால், "உட்கார்ந்தா வயிறு மடங்கிடும்மா, சோறு பாதி வழியிலயே நின்னுடும்" என்பான்.

வீட்டுத் தண்ணீர்ப் பீப்பாயின் குழாய் நெடுநாளாக ஒழுகிக்கொண்டிருந்தது. ஒருநாள் காலையில் சியோம்புவா பிடித்துக்கொண்டாள். "ஊருக்கெல்லாம் குழாய் மாட்டறே. உன் வீட்டுல ராத்திரி பகலா சொட்டுது. இன்னிக்குக் குழாய் இல்லாம வீட்டுக்கு வராதே."

"சரிம்மா, சரி. வர்றப்ப கொண்டாறேன். அதுக்குள்ள பீப்பா காலியாயிடாது."

அன்று சாயங்காலம் மேஸ்திரி கொடுத்த பழைய பித்தளைக் குழாய் ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு அவன் வந்தான். அந்த வாரம் காயலான் கடைகளில் வரிசையாகத் திருட்டுப் போயிருந்தது. ஊரே எரிச்சலில் இருந்தது. மினிபஸ் நிற்கும் திருப்பத்தில் யாரோ அவன் பையில் பித்தளையைப் பார்த்தார்கள். யாரோ "திருடன்" என்றார்கள். அவ்வளவுதான், கூட்டம் கூடிவிட்டது. கல் எடுக்க அந்தத் தெருவில் எப்போதும் பஞ்சமில்லை.

சியோம்புவா அப்போது வீட்டில் மக்காச்சோளம் குத்திக்கொண்டிருந்தாள். கூச்சல் அவள் காதிலும் விழுந்தது. பந்தாட்டத்தில் யாரோ கோல் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு உலக்கையை ஓங்கினாள். பக்கத்து வீட்டுக்காரி வந்து கையைப் பிடித்து இழுத்தபோதுதான் ஓடினாள். அதற்குள் கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. தரையில் கிடந்தவனைப் பார்த்தாள். நிமிர்ந்தபோது விலகிப்போகிற முகங்கள் தெரிந்தன. ஒன்று தேவாலயத்தில் பார்த்த முகம் போல இருந்தது. இன்னொன்று கடைத்தெருவில் தினமும் பார்க்கிற முகம் போல இருந்தது. கண் அந்த முகங்களை முழுசாக வாங்கிக்கொள்ளும் முன்பே அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

பார்த்தால் தெரிந்துவிடும். தெரிந்துவிட்டால் நாளைக்கு யாரிடம் பால் வாங்குவது? யார் பக்கத்தில் உட்கார்ந்து ஜெபம் பண்ணுவது? யாருடைய பிள்ளைக்குச் சோறு போடுவது? வேறு போக்கிடம் அவளுக்கு இல்லை. இந்த மனிதர்களுக்கு நடுவில்தான் இருந்தாக வேண்டும். அதனால் தலை குனிந்தது குனிந்ததுதான்.

சடலத்தை மக்குவேனிக்கு, தகப்பனைப் புதைத்த இடத்துக்குக் கொண்டுபோனபோது கிலோன்சோவின் தம்பி முவாசியா குறுக்கே நின்றான். "அண்ணன் பக்கத்துல ஒரு திருடனை வெக்கவிட மாட்டேன் அண்ணி. என்னைத் தப்பா நெனச்சாலும் சரி." வேலியோரம் கற்றாழைக்கு நடுவே புதைத்தார்கள். பாதிரியார் வரவில்லை.

முகுருவுக்குத் திரும்பி வந்தபோது அவள் பெயரும் மாறியிருந்தது. அதுவரை எல்லோருக்கும் அவள் 'கியாலோ அம்மா'. அதற்குப் பிறகு அந்தப் பெயரை யாரும் சொல்லவில்லை. பழையபடி சியோம்புவா ஆனாள்.

ஆறு வருஷம் அப்படியே போனது.

பட்டறைத் தெருவின் கடைசியில் நலியாகா என்றொரு பெண் கொட்டகை போட்டிருந்தாள். முப்பது வயதைத் தாண்டியவள், கல்யாணம் ஆகாதவள், கையெல்லாம் சூட்டுத் தழும்பு. உடைந்த பூட்டு, பழைய குழாய் எல்லாவற்றையும் மூசையில் போட்டு உருக்கி, மணல் அச்சில் வார்த்து, அடித்து வளைத்து, உடம்பில் அணிகிற பொருள்கள் செய்வாள். சின்னத் தோடு, வளையல் என்று கடைகளுக்குப் போடுவது சாப்பாட்டுக்கு. அது போக மாதக்கணக்கில் உட்கார்ந்து பெரிதாக ஏதாவது செய்வாள். தோளிலிருந்து முழங்கை வரை ஏறும் இறக்கை ஒன்று. நெஞ்சை மூடும் கூடு ஒன்று. அவற்றை யாரும் வாங்கமாட்டார்கள், பார்க்க மட்டும் வருவார்கள்.

கியாலோ போன ஐந்தாவது வருஷம், சியோம்புவா முதல்நாள் அங்கே வாளியோடு நுழைந்தபோது காலடியில் ஒரு கூடை நிறையப் பித்தளைக் குழாய்கள் கிடந்தன. வாளியைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் போய்விட்டாள். பக்கத்துக் கொட்டகையில் மாட்டுக் கொம்பு செதுக்கும் ஒகெல்லோதான் விஷயத்தை நலியாகாவுக்குச் சொன்னான். மறுநாள் நலியாகா கூடைமேல் சாக்கு போட்டு மூடிவைத்தாள். அதற்கு மறுநாளும் மூடிவைத்தாள். ஒரு வாரம் கழித்து சியோம்புவாவே வந்தாள்.

"சாக்கை எடுத்துடு பொண்ணே. உன் பொழப்பு அது. நான் பாத்துக்கறேன்."

உமி போகக் குத்திய சோளமும் பயறும் சேர்ந்து வேகும் முத்தோகோய்தான் அவள் கைப்பக்குவம். தட்டை நீட்டும்போதெல்லாம் ஒகெல்லோ ஏதாவது வம்பு பண்ணுவான்.

"என்னம்மா, பயறெல்லாம் இன்னிக்கு லீவா? ஒண்ணையும் காணோமே?"

"உன் தட்டுல விழப் பயந்துக்கிட்டு அடியில ஒளிஞ்சிருக்கு. தின்னுட்டு வேலையைப் பாரு."

தலை மட்டும் நிமிராது.

ஒரு வருஷம் இப்படிப் பழகிய பிறகு நலியாகா ஒரு காறை செய்ய ஆரம்பித்தாள். அடித்து வளைத்த பித்தளையில், கழுத்தில் பூட்டுகிற காறை. காதுமடலுக்குக் கீழிருந்து தோள்வரைக்கும் இறங்கியது. வளைந்த தண்டுகள் இரண்டு தோளிலிருந்தும் எழுந்து, ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் ஏறி, மோவாய்க்கு அடியில் ஒரு விளிம்பாகக் கூடின. பின்பக்கம் கீல், கொக்கி.

"இது என்ன ஆசாரி வேலைடீ?" என்று தரையைப் பார்த்தபடியே கேட்டாள் சியோம்புவா. காறையின் அடிப்பாகம் மட்டும்தான் அவளுக்குத் தெரிந்தது. "நகைன்னா மினுங்கணும். இது தண்ணி லைன் மாதிரி இருக்கு."

"தண்ணி லைன்தாம்மா. ரோட்டைத் தோண்டி மண்ணெல்லாம் அள்ளிட்டுப் போனாங்களே, அப்ப பாத்தேன். உள்ள கெடந்த குழாயெல்லாம் மண்ணுக்கு மேல நிமிந்து நின்னுச்சு. அதுவரைக்கும் அங்க அப்படி ஒண்ணு இருக்குன்னே எனக்குத் தெரியாது. மனசுலயே நின்னுடுச்சு."

"யாரு போட்டுக்குவா இதை?"

"ஒரு நெட்டைப் பொண்ணு வரும். படம் பிடிக்க நிக்கிற பொண்ணு. கழுத்து நீளம் அதுக்கு."

அந்த நெட்டைப் பெண் வந்து போட்டும் பார்த்தாள். அழகாகத்தான் இருந்தது. ஆனால் நலியாகாவுக்குத் திருப்தியில்லை. நீண்ட கழுத்தில் காறை சும்மா உட்கார்ந்திருந்தது. தோளைக் குறுக்கவில்லை, மோவாயைத் தாங்கவில்லை. அது இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்தப் பெண் அதேபோலத்தான் நின்றிருப்பாள்.

ஒருநாள் கீல் கடிக்கிறதா என்று பார்க்க ஒரு கழுத்து தேவைப்பட்டது. நலியாகா தன் கழுத்தில் மாட்டிக்கொண்டால் பின்பக்கம் பார்க்க முடியாது. ஒகெல்லோவின் கழுத்தோ தூண் மாதிரி.

"அம்மா, கரண்டியை வெச்சுட்டு ஒரு நிமிஷம் இப்படி வாங்க."

"எதுக்கு?"

"கழுத்தைக் கொடுங்க. திருப்பித் தந்துடறேன்."

ஒகெல்லோ சிரித்தான். சியோம்புவா கரண்டியைக் கூட வைக்கவில்லை, கையில் பிடித்தபடியே வந்தாள். நலியாகா பித்தளையைத் தன் வயிற்றோடு அணைத்துச் சூடாக்கிக்கொண்டு, பின்னாலிருந்து பூட்டினாள். விளிம்பு மோவாய்க்கு அடியில் வந்து நின்றது. தலை மேலே போனது.

ஆறு வருஷமாகக் குனிந்தே இருந்த கழுத்து வலித்தது. எலும்பு சொடக்கென்றது. கொட்டகையின் தகரக் கூரை தெரிந்தது, அதில் இருந்த ஓட்டைகள் தெரிந்தன, அதன் வழியே வானம். பிறகு ஒகெல்லோ. நினைத்ததைவிடக் கிழவனாக இருந்தான். பிறகு முன்னால் வந்து நின்ற நலியாகா.

சியோம்புவா அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"உனக்கு இவ்ளோ பெரிய மூக்கா? ஒரு வருஷமா சோறு போடறேன், தெரியாமப் போச்சே."

நலியாகா சிரிக்கவில்லை. கண்கள் நிறைந்துவிட்டன. மூக்கைப் பற்றிய கேலி அவள் காதில் ஏறவில்லை, அவள் காறையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குட்டைக் கழுத்தில் அந்தத் தண்டுகள் எல்லாம் இப்போது ஒரு வேலை செய்துகொண்டிருந்தன. சரிந்து விழப் பார்க்கிற ஒன்றைப் பிடித்து நிறுத்திக்கொண்டிருந்தன. மூச்சு இழுக்கும்போது காறை எழுந்தது, விடும்போது இறங்கியது.

"நான் என்ன செஞ்சேன்னு எனக்கே இப்பத்தான் தெரியுது" என்றாள். "ஸ்டாண்டுல வெச்சா இது காயலான் கடைச் சரக்கும்மா. நீங்க போட்டுக்கிட்டாத்தான் இது இதுவா இருக்கு. கண்காட்சியில நீங்களே போட்டுக்கிட்டு நிக்கணும்."

"பைத்தியமா உனக்கு? கழட்டு முதல்ல."

கழற்றியதும் தலை பழைய இடத்துக்குப் போய்விட்டது. ஆனால் மறுநாள் சாப்பாடு போட்டு முடித்ததும் அவள் கிளம்பவில்லை. வாளி பக்கத்தில் நின்றுகொண்டே இருந்தாள். "அந்தக் கீல் கடிக்குதான்னு திரும்பப் பாக்கணும்னியே" என்றாள். நலியாகா அப்படிச் சொல்லவே இல்லை. இருந்தாலும் காறையை எடுத்து வந்தாள்.

அன்றிலிருந்து தினமும் கொஞ்ச நேரம். போட்டுக்கொண்டு நடக்கப் பழகுவதே ஒரு பாடாக இருந்தது. காலடி தெரியாது, பாதத்தால் தடவித்தான் தரையைத் தெரிந்துகொள்ள வேண்டும். கழுத்தை மட்டும் திருப்ப முடியாது, முழு உடம்பும் திரும்ப வேண்டும். அதனால் எதையும் அரைகுறையாகப் பார்க்க முடியாது, பார்த்தால் நேருக்கு நேர்தான். முதலில் பித்தளை சில்லென்று குத்தும். பிறகு உடம்புச் சூடு அதில் ஏறும், எங்கே தோல் முடிகிறது எங்கே உலோகம் தொடங்குகிறது என்பது மறந்துபோகும். காறையெலும்பில் பச்சைக் கறை படியும். தேய்த்துக் கழுவினாலும் லேசாக நிற்கும்.

"நான் இதைப் போட்டிருக்கேனா, இது என்னைப் போட்டிருக்கான்னு தெரியலடீ" என்றாள் ஒருநாள்.

கண்காட்சி ஒரு பழைய கிடங்கில் நடந்தது. சனிக்கிழமை மத்தியானம். சியோம்புவா தேவாலயத்துக்கு உடுத்தும் நீல உடுப்பைப் போட்டிருந்தாள். மேடை கிடையாது. நலியாகாவின் பொருள்களை அணிந்தவர்கள் ஆட்களுக்கு நடுவிலேயே ஆங்காங்கே நின்றார்கள். யாரென்றே தெரியாத படித்த கூட்டம்தான் வரும், அங்கே பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லித்தான் நலியாகா அவளை அழைத்து வந்திருந்தாள். ஆனால் வேலைக்கு உதவிய எல்லோரையும் அவள் கூப்பிட்டிருந்தாள். கரி கொடுத்தவர், மணல் கொடுத்தவர், பழைய பித்தளை கொடுக்கும் காயலான் கடை கிமான்சி.

கிமான்சி கோட்டுப் போட்டுக்கொண்டு, தன் சின்ன மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தான். தான் எடைபோட்டுக் கொடுத்த குழாயெல்லாம் என்னவாகியிருக்கிறது என்று மகளுக்குக் காட்டிக்கொண்டே வந்தவன், காறைக்கு முன்னால் வந்து நின்றான். முதலில் பித்தளையைத்தான் பார்த்தான். பிறகு முகத்தைப் பார்த்தான்.

சியோம்புவாவும் பார்த்தாள். குனிய முடியவில்லை. அன்று அரைகுறையாக விட்ட முகம் இப்போது முழுசாக வந்து எதிரில் நின்றது.

அவன் வாய் தானாகவே சொல்லிவிட்டது. "கியாலோ அம்மா..."

ஆறு வருஷம் கழித்து அந்தப் பெயரை அவள் கேட்டது அவன் வாயிலிருந்துதான்.

"அப்பா, இந்தம்மா ஏன் என்னைக் குனிஞ்சு பாக்க மாட்டேங்கிறாங்க?" என்றாள் குழந்தை.

"அவங்களால முடியாதும்மா. நீ போய் அந்த அக்காகிட்ட இறக்கையைப் பாரு, போ."

குழந்தை போனது. அவன் போகவில்லை. சியோம்புவா கத்தியிருக்கலாம், காறித் துப்பியிருக்கலாம். அவளுக்கு ஒன்றே ஒன்று தெரிய வேண்டியிருந்தது. ஆறு வருஷமாக அது மட்டும்தான் தெரிய வேண்டியிருந்தது.

"நான் வர்றதுக்குள்ள முடிஞ்சுபோச்சு" என்றாள், கூட்டத்துக்குக் கேட்காத குரலில். "நீ கிட்டக்க இருந்தே. எம்புள்ள ஏதாச்சும் சொன்னானா?"

கிமான்சி கோட்டின் பொத்தானைப் பிடித்துத் திருகினான்.

"'எங்கம்மாதான் குழாய் கேட்டாங்க'ன்னான். 'வீடு இங்கதான், திரும்பினா தெரியும். எங்கம்மாவைக் கேளுங்க'ன்னான். அதையேதான் சொல்லிக்கிட்டு இருந்தான். 'எங்கம்மாவைக் கேளுங்க, எங்கம்மாவைக் கேளுங்க'ன்னு."

"யாராச்சும் வந்தீங்களா?"

"இல்ல."

"கூப்பிடு தூரந்தானே வீடு."

"ஆமா."

அவள் மூச்சு வேகமாக எழுந்து இறங்கியதில் காறையின் தண்டுகள் ஒன்றோடொன்று உரசிச் சன்னமாகச் சத்தம் போட்டன. சுற்றி வந்தவர்கள் அதை வேலைப்பாட்டின் ஒரு பகுதி என்று நினைத்து, காது கொடுத்துக் கேட்டு, தலையாட்டிவிட்டுப் போனார்கள்.

கடைசியில் அவளே பேசினாள். "நாளைக்கு இல்ல, அடுத்த ஞாயித்துக்கிழமை, கோயில் விட்டதும், அந்தத் திருப்பத்துக்கு நான் வருவேன். நீயும் வந்து பக்கத்துல நில்லு. இப்ப எங்கிட்டச் சொன்னதை அங்க சொல்லு. வேற எதுவும் எனக்கு வேணாம்."

"வர்றேன்" என்றான் கிமான்சி. சத்தியமாக வருகிறேன் என்றுகூடச் சொன்னான். மகளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனான்.

கூட்டம் முடிந்து நலியாகா காறையைக் கழற்றினாள். சியோம்புவாவின் தலை அன்று குனியவில்லை. அப்படியே நின்று நடந்ததை எல்லாம் சொன்னாள். கூச்சல் கேட்டபோது தான் சோளம் குத்திக்கொண்டிருந்ததைச் சொல்லும்போதுதான் குரல் உடைந்தது. "கோல் போட்டாங்கன்னு நெனச்சேன்டீ. அவன் என்னைக் கூப்பிட்டுக்கிட்டு இருந்திருக்கான். நான் கோல்னு நெனச்சேன்."

நலியாகா போலீசுக்குப் போகலாம் என்றாள்.

"போயி? கூட்டம்னு சொல்வாங்க. கூட்டத்துக்குப் பேரு ஏது? எனக்கு அதெல்லாம் வேணாம். ஞாயித்துக்கிழமைக்கு அந்தக் காறையை மட்டும் எனக்குக் குடு."

நலியாகா தயங்கினாள். கண்காட்சியிலேயே வெளிநாட்டு அருங்காட்சியகத்து ஆள் ஒருவர் காறையைக் கேட்டுவிட்டார். அவள் வாழ்க்கையில் முதல்தடவையாகப் பெரிய வேலை ஒன்று விலை போயிருந்தது. மரப்பெட்டிக்குச் சொல்லியாகிவிட்டது. தெருவில் யாராவது பிடித்து இழுத்தால், கீழே விழுந்து நசுங்கினால் என்ற பயம் ஒருபக்கம். கிழவியை மறுபடி அந்தக் கூட்டத்துக்கு நடுவில் நிறுத்துகிற பயம் இன்னொருபக்கம்.

"அது இல்லாமப் பேச முடியாதா அம்மா?"

"தலை கவுந்துடும். தரையைப் பாத்துக்கிட்டு இதைச் சொல்ல முடியாது."

நலியாகா கொடுத்தாள். கொடுத்ததோடு நிற்காமல் கூடவே போனாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை உச்சிவெயில். திருப்பத்தில் சந்தைக் கூட்டம். பித்தளை வெயிலில் காய்ந்து கழுத்தைச் சுட்டது. சியோம்புவா காலால் தரையைத் தடவித் தடவி நடந்து வந்தாள். முதலில் சிரிப்புத்தான் கிளம்பியது.

"ஏய், வழி விடுங்கப்பா! மகாராணி வர்றாங்க!"

"என்னம்மா, தண்ணி வரலேன்னு குழாயைக் கழட்டிக் கழுத்துல மாட்டிக்கிட்டியா?"

"அட, இது முத்தோகோய்க் கிழவிடா! இதுக்கு மூஞ்சி இருக்குதா?"

கிமான்சியின் கடை திருப்பத்திலேயே இருந்தது. கதவு சாத்தியிருந்தது. முன்னால் கட்டித் தொங்கும் தராசைக் காணோம். முந்தாநாளே பெண்டாட்டி பிள்ளையோடு மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டான் என்று பக்கத்துக் கடைக்காரி நலியாகாவிடம் சொன்னாள். எங்கே என்று அவளுக்கும் தெரியவில்லை.

நலியாகா வந்து காதில் சொன்னாள். "போயிடலாமா அம்மா?"

"இல்ல."

கியாலோ கிடந்த இடத்தில் இப்போது ஒரு தக்காளிக்காரி கூடையைப் பரப்பியிருந்தாள். அதற்குப் பக்கத்தில் போய் நின்றாள் சியோம்புவா.

"ஆறு வருஷத்துக்கு முன்ன இந்த எடத்துல ஒரு பையன் நின்னுக்கிட்டு, எங்கம்மாவைக் கேளுங்கன்னு சொன்னான்" என்றாள். குரல் உரக்க வந்தது. காறை தொண்டையை நிமிர்த்திப் பிடித்திருந்ததால் அடைக்கவில்லை. "யாரும் வந்து கேக்கல. அதான் நானே வந்திருக்கேன். நான்தான் அவன் அம்மா. கேளுங்க."

யாரும் எதுவும் கேட்கவில்லை. மினிபஸ்ஸுக்கு ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்த பையன்கூட நிறுத்திவிட்டான்.

"யாரும் கேக்கலேன்னாலும் சொல்றேன். குழாய் நான் கேட்டது. எங்க வீட்டுப் பீப்பா ஒழுகுச்சு. குழாய் இல்லாம வீட்டுக்கு வராதேன்னு காலையில நான்தான் ஏசி அனுப்பினேன். அவன் மேஸ்திரி கொடுத்ததை எடுத்துக்கிட்டு வந்தான். எம்புள்ள திருடல. கியாலோ திருடல."

கழுத்தைத் திருப்ப முடியாது. அதனால் அவள் உடம்போடு திரும்பினாள். மெல்ல, காலை மாற்றி மாற்றி வைத்து, ஒரு முழு வட்டம் திரும்பினாள். ஒவ்வொரு முகத்தையும் பார்த்தாள். சிலர் வேறுபக்கம் பார்த்தார்கள். சிலர் கும்பலுக்குப் பின்னால் நழுவினார்கள். "பழைய கதையை எதுக்கு இப்ப..." என்று ஒரு ஆள் முனகினான், யாரும் ஒத்து ஊதவில்லை. தக்காளிக்காரி மட்டும் எழுந்து தன் கூடையை அந்த இடத்திலிருந்து தள்ளி வைத்தாள்.

அவ்வளவுதான் நடந்தது. யாரும் வந்து காலில் விழவில்லை. கொஞ்ச நேரத்தில் மினிபஸ் பையன் மறுபடி கூவ ஆரம்பித்தான். நலியாகா அவளைக் கைத்தாங்கலாக வீட்டுக்குக் கூட்டிப்போய்க் காறையைக் கழற்றினாள். வெயிலில் காய்ந்த பித்தளை காறையெலும்பு நெடுகச் சூடு போட்டிருந்தது. நலியாகா தண்ணீரில் துணி நனைத்து வைத்தாள். சியோம்புவா அன்று முழுக்க அழுதாள். ஆறு வருஷமாக யாரும் அவள் அழுது பார்த்ததில்லை. இருட்டுகிற நேரத்தில் யாரோ ஒரு பெண் வாசலில் பால் கொண்டுவந்து வைத்துவிட்டு, பேர் சொல்லாமல் போய்விட்டாள். அது யார் என்று சியோம்புவா எட்டிப் பார்க்கவில்லை. பாலைக் காய்ச்சினாள், குடிக்கப் பிடிக்கவில்லை.

காறை பெட்டியில் ஏறிப்போனது. சில மாதம் கழித்து அருங்காட்சியகத்தார் ஒரு படம் அனுப்பினார்கள். கண்ணாடிக் கூண்டுக்குள், கறுப்புத் துணி சுற்றிய ஒரு மரக் கழுத்தில் காறை இருந்தது. நலியாகா பெருமையோடுதான் படத்தைக் காட்டினாள்.

சியோம்புவா நெடுநேரம் பார்த்தாள். "மூச்சு விடாம நிக்குதே, பாவம்" என்றாள். அதற்குப் பிறகு அந்தப் படத்தை நலியாகா யாருக்கும் காட்டவில்லை.

ஆகஸ்டில் இன்னொரு கண்காட்சி வந்தது. சியோம்புவா கேட்காமலே வந்து நின்றாள். இந்த முறை கொம்பும் பித்தளையும் சேர்த்துச் செய்த ஒரு கைக்கவசம், தோளிலிருந்து விரல்வரை. அதைப் போட்டால் கை பாதி மடங்கியபடியே நிற்கும், எதையோ ஏந்திக்கொண்டிருப்பது போல. மற்ற பெண்கள் கையை ஆட்டி ஆட்டிப் படம் எடுத்துக்கொண்டார்கள். அவள் ஆட்டவில்லை. கையை எங்கே வைத்தால் அந்தக் கனம் நிம்மதியாக இருக்கிறது என்று தேடி, மார்புக்குக் கொஞ்சம் கீழே கொண்டுவந்து அப்படியே நிறுத்தினாள். அந்த இடத்தில்தான் பச்சைப்பிள்ளையின் தலை வரும். கடந்து போன பெண்கள் சிலர் அதைப் பார்த்துவிட்டு, பேச்சை நிறுத்தினார்கள். நலியாகாவின் பொருள்களை இவளைப் போல வேறு யாரும் அணிவதில்லை என்று நைரோபியில் ஒரு பேச்சு உண்டாயிற்று. அவளுக்கு அதில் சந்தோஷமும் இல்லை, வருத்தமும் இல்லை. "கனத்தைத் தூக்கத் தெரியும். அவ்வளவுதானே இது" என்பாள்.

கிமான்சி திரும்பி வரவே இல்லை. அவன் மகள் வளர்ந்துகொண்டிருப்பாள் என்று மட்டும் சியோம்புவா சிலசமயம் சொல்வாள்.

டிசம்பரில் எல்லோரையும் போல அவளும் ஊருக்கு பஸ் ஏறினாள். மக்குவேனியில் மழை சரியாகப் பெய்யவில்லை. முவாசியா வாசலில் பயறு உரித்துக்கொண்டிருந்தான். வயசு அவனையும் உருக்கியிருந்தது. அவள் உட்கார்ந்து, கிமான்சி சொன்னதை அப்படியே சொன்னாள். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. முவாசியா உரித்துக்கொண்டே கேட்டான். எங்கம்மாவைக் கேளுங்க என்ற இடம் வந்தபோது கை நின்றது.

"அண்ணன் பக்கத்துல எடம் இருந்துச்சு அண்ணி" என்றான். "இப்பவும் இருக்கு. ஆனா பொதைச்சதை மறுபடி தோண்டக் கூடாது." வேலைக்கு வைத்திருக்கும் கத்தியை எடுத்துக்கொண்டு எழுந்து போனான்.

மறுநாள் காலையில் பார்த்தால், வேலியோரத்துக் கற்றாழையை எல்லாம் வெட்டித் தள்ளியிருந்தான். கை முழுக்க முள் கிழித்த கோடு. மேடு தெரியாமல் அமுங்கிப்போயிருந்த மண்ணைச் சுற்றிக் கல் அடுக்கியிருந்தான். மதியத்துக்குள் பாதிரியாரையும் கூட்டி வந்தான். அன்று வராத அதே பாதிரியார்தான். அவர் சியோம்புவாவின் முகத்தைப் பார்க்காமலே ஜெபத்தைத் தொடங்கினார். அவள் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஆமென் சொன்னாள்.

பாதிரியார் போன பிறகும் இருவரும் அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள். வெட்டிப்போட்ட கற்றாழையின் பச்சை வாடை அடித்தது. வெயில் ஏறியது.

"சாப்பிட வாங்க அண்ணி" என்றான் முவாசியா.

"நீங்க போங்க. நான் கொஞ்ச நேரம் இவனோட இருந்துட்டு வர்றேன்."